சரிவில் ஒரு வீடு: எந்த மரத்தை வெட்டினோம், எதை விட்டோம்

பின்னணி

காட்டை ஒட்டிய மலைச்சரிவின் நடுவில் ஒரு வீடு. கல் சுவர், ஓட்டுக்கூரை, பின்பக்கம் மரத்தூண்கள் மேல் நிற்கும் பலகைத் திண்ணை. எழுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் வருடம் முழுக்க அங்கேயே இருக்கிறார்கள். மகன் வேலை பார்ப்பது வேறு ஊரில், அவ்வப்போது வந்து போவார். வீட்டுக்குக் கீழே நிலம் செங்குத்தாக இறங்கி, கோடையில் வற்றிப்போகும் ஓர் ஓடையில் முடிகிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. வீட்டைச் சுற்றி 30 மீட்டருக்குள் யூகலிப்டஸ், பைன், சில அகன்ற இலை மரங்கள் என்று மொத்தம் 64 மரங்கள், அவற்றில் பாதிக்கு மேல் பெரியவர் தன் கையால் நட்டவை.

முந்தைய வறட்சிக் காலத்தில் அடுத்த முகட்டில் தீ பிடித்து, அணைவதற்குள் ஒரு பக்கச் சரிவே கருகிப்போனது. மகன் பயந்துவிட்டார், பயந்ததில் தப்பு எதுவும் இல்லை. அடுத்த தடவை வரும்போது ஒரு மர வியாபாரியைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார். வியாபாரி சொன்ன கணக்கு கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது: வெட்டுக்கூலி ஒன்றும் வேண்டாம், நிற்கிற மரம் மொத்தத்தையும் நானே அறுத்து எடுத்துக்கொள்கிறேன், நிலம் வெட்டவெளியாகிவிடும், தீ வர வழியே இருக்காது. பெரியவர் பேச்சை ஒரே வரியில் முடித்தார், "ஒரு மரத்தையும் தொடக்கூடாது" என்று.

சில வாரம் வீட்டில் இதே சண்டை. அதற்கு அப்புறம்தான் என்னையும், காட்டுத்தீ அணைக்கும் வேலையில் பல காலம் இருந்து ஓய்வுபெற்ற ஒரு வனக் காவலரையும் வந்து பார்க்கச் சொன்னார்கள். வீடுகளின் தீ ஆபத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான், மரத்தை வெட்டலாமா கூடாதா.

முதல் பார்வை

வனக் காவலர் மரங்களின் பக்கமே திரும்பவில்லை. "மரத்தை அப்புறம் பார்க்கலாம் ஐயா, முதலில் கூரைக்கு ஏற ஓர் ஏணி கொடுங்கள்" என்றார்.

மேலே ஏறிப் பார்த்ததில், இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் மூலையில் சருகு மெத்தையாகக் கிடந்தது. அதற்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரை போனது. மேலே இருந்த இலைகள் லேசான ஈரத்தோடு இருந்தாலும் உள்ளே இருந்தவை விரலில் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. அந்த மூலையில் இரண்டு ஓடுகள் விலகியிருந்தன, இடைவெளி வழியாக உள்ளே இருந்த மரச்சட்டம் தெரிந்தது. மழைநீர் வடிவதற்காகக் கூரை விளிம்பில் போட்டிருந்த தகரம் முழுக்கப் பைன் ஊசிகள். இதையெல்லாம் தரையிலிருந்து பார்த்தால் தெரியாது. பெரியவர் கடைசியாக எப்போது மேலே ஏறினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

கீழே இறங்கி வீட்டைச் சுற்றி வந்தோம். சமையலறைச் சுவரை ஒட்டி, ஜன்னல் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது. பலகைத் திண்ணைக்கு அடியில் காற்று அடித்துச் சேர்த்த இலைகள், பழைய அட்டைப்பெட்டிகள், உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பரணுக்குக் காற்றுப் போகச் சுவரில் விட்டிருந்த துளைகளில் கொசுவலைதான் இருந்தது, அதுவும் நைலான், சூடு பட்டால் உருகிவிடும். இன்னொன்றையும் நாங்கள் முதலில் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தோம்: சரிவின் கீழ் எல்லையிலிருந்து ஏறி வந்த மூங்கில் வேலி நேராக வீட்டுச் சுவரில் வந்து முட்டி நின்றது. காட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு திரி போட்டு வைத்தது போல.

இத்தனையும் பார்த்த பிறகுதான் மரங்களுக்கு வந்தோம். இரண்டு பைன் மரங்கள் சுவரிலிருந்து நான்கு மீட்டர்கூட இல்லை, கிளைகள் கூரையை உரசின. கீழ்ச்சரிவில் யூகலிப்டஸ் நெருக்கமாக நின்றது, ஒரு மரத்தின் தலை அடுத்த மரத்தின் தலையோடு பின்னிக்கொள்ளும் அளவுக்கு. பட்டை உரிந்து நீள நீளமாகத் தொங்கியது. மரங்களுக்கு அடியில் உண்ணிச்செடிப் புதர் ஆள் உயரத்துக்கு இருந்தது, புதர் முடிகிற இடத்திலேயே மரத்தின் கீழ்க்கிளைகள் ஆரம்பித்தன. தரையில் ஓடும் தீ புல்லிலிருந்து புதருக்கும் புதரிலிருந்து கிளைக்கும் கிளையிலிருந்து உச்சிக்கும் ஏறுவதற்கு இதுதான் வழி. ஏணி எரிபொருள் என்று தீயணைப்புத் துறையில் சொல்வது இந்த அமைப்பைத்தான்.

சரிவு கிட்டத்தட்ட 20 டிகிரி. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அப்படியென்றால் சமதரையில் போவதைப் போல நான்கு மடங்கு வேகத்தில் தீ இந்த வீட்டை நோக்கி ஏறும்.

வீடு எப்படிப் பற்றுகிறது

முடிவுக்குப் போகும் முன்னால் இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் அப்பா, மகன் இருவர் மனதிலும் இருந்தது ஒரே படம்: ஒரு பெரிய நெருப்புச் சுவர் வருகிறது, வீட்டை விழுங்குகிறது. அப்படி நடப்பது உண்டு, ஆனால் பெரும்பாலான வீடுகள் போவது அப்படி இல்லை.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் 1990களின் கடைசியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில் ஒரு சோதனையில் பங்கெடுத்தார். உண்மையான காட்டில் உச்சி வரை எரியும் தீயை மூட்டி, எதிரே 10, 20, 30 மீட்டர் தூரங்களில் மரச் சுவர்களை நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். 10 மீட்டரில் நின்றவற்றில் சில பற்றின, 20 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நின்றவை பற்றவில்லை. உச்சித்தீயின் கடும் வெப்பம் ஓரிடத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்று கூடக்குறையத்தான் இருக்கும், அந்த நேரத்துக்குள் அத்தனை தூரத்திலிருந்து சுவரைப் பற்றவைக்க அதனால் முடிவதில்லை.

அப்படியானால் வீடுகளை எரிப்பது எது? காற்றில் பறந்து வரும் கங்கு. 2018 நவம்பரில் கலிபோர்னியாவில் பாரடைஸ் ஊர் எரிந்த பிறகு எடுத்த படங்களில், வீடு இருந்த இடத்தில் சாம்பல் மட்டும் கிடக்க, பக்கத்திலேயே மரங்கள் பச்சை இலையோடு நிற்பதைப் பார்க்கலாம். கங்கு வந்து கூரைச் சருகிலோ விறகிலோ கால்மிதியிலோ உட்கார்ந்து, புகைந்து, மெதுவாகப் பற்றி, வீட்டை உள்ளிருந்து எரித்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்கும் தாவுகிறது.

மகன் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: எப்படியும் மரம்தானே எரிகிறது, மொத்தமாக எடுத்துவிட்டால் என்ன? வனக் காவலர் தரையிலிருந்து காய்ந்த புல் ஒரு கொத்தைப் பிடுங்கிக் காட்டினார். 6 மில்லிமீட்டருக்குக் குறைவான தடிமன் உள்ள காய்ந்த புல், சுள்ளி, ஊசி இலை இவையெல்லாம் காற்றின் ஈரப்பதம் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தானும் காய்ந்து எரியத் தயாராகிவிடும். விழுந்து கிடக்கும் ஒரு தடி மரத்துண்டு அப்படிக் காய வாரக்கணக்கில் ஆகும். தீயைச் சுமந்துகொண்டு ஓடுவது இந்தச் சன்னமான சரக்குதான். மரத்தை மொத்தமாக எடுத்தால் நிழல் போகும், வெயில் தரையில் விழும், அடுத்த மழைக்கு இடுப்பளவு புல் வரும், கோடையில் அது காயும். மரத்தடியில் போவதைவிடப் புல்வெளியில் தீ வேகமாக ஓடும். வெட்டவெளி ஆக்குவது ஒரு தீ ஆபத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது, அவ்வளவுதான்.

"மரம் போனால் மறுபடி நட்டுக்கொள்ளலாம்ப்பா, வீடு போனால் என்ன பண்ணுவீங்க?" என்றார் மகன். "மரம் போனா அந்தச் சரிவே மழையில கீழ போயிடும்டா, அப்புறம் வீடு எது மேல நிக்கும்?" என்றார் அப்பா. இரண்டு பேர் சொன்னதும் சரி. முடிவு எடுக்கக் கஷ்டமாக இருந்ததே அதனால்தான்.

எடுத்த முடிவுகள்

சுவரிலிருந்து வெளியே போகப் போக விதியைத் தளர்த்துவது என்று வைத்துக்கொண்டோம்.

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை எரியக்கூடிய எதுவும் கிடையாது. செடி, விறகு, அட்டை எதுவும். அங்கே ஜல்லி கொட்டுவது. விறகு அடுக்கை வீட்டிலிருந்து 12 மீட்டர் தள்ளி, சரிவுக்குக் குறுக்கே, வீட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோவது. வீட்டுக்குக் கீழே வைத்தால் அது பற்றும்போது வெப்பம் நேராக மேலே வரும் என்பதால் அந்த இடம் வேண்டாம் என்றோம். காற்றுத் துளைகளில் 3 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத இரும்பு வலை. விலகிய ஓடுகளைச் சரிசெய்வது. மூங்கில் வேலியில் சுவரை ஒட்டிய மூன்று மீட்டரை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரும்புக் கம்பி போடுவது. பெரியவருக்கு இதில் எதிலும் ஆட்சேபம் இல்லை, ஒரு மரம்கூடப் போகவில்லையே.

அடுத்தது 10 மீட்டர் வரை. கூரையை உரசும் அந்த இரண்டு பைன் மரங்களும் போக வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை என்று சொன்னோம். கிளைகளை மட்டும் கழித்தால் போதாதா என்று பெரியவர் கேட்டார், ஆனால் ஊசிகள் வருடம் முழுக்கக் கூரையில் கொட்டிக்கொண்டே இருக்கும், மாதாமாதம் மேலே ஏறிக் கூட்ட அந்த வயதில் அவரால் ஆகாது. முற்றத்தில் நின்ற பெரிய அகன்ற இலை மரத்தை விட்டோம். இலையில் ஈரம் அதிகம், அடியில் புதர் இல்லை, நிழலால் புல்லும் வளரவில்லை. கூரை மேல் நீண்ட கிளைகளை மட்டும் மூன்று மீட்டர் தள்ளிக் கழித்தால் போதும். மகனுக்கு இந்த முடிவில் கடைசி வரை திருப்தி இல்லை.

10 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை, யூகலிப்டஸில் மெலிந்ததையும் சாய்ந்ததையும் எடுத்து, மிச்சம் நிற்பவற்றின் தலைகளுக்கு நடுவே மூன்று நான்கு மீட்டராவது இடைவெளி வரச் செய்வது. நிற்கிற எல்லா மரத்திலும் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் வரை கிளை கழிப்பது, உயரம் குறைந்த மரமானால் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்காமல். உண்ணிச்செடி முழுக்க எடுப்பது. கீழ்ச்சரிவில் மட்டும் இந்த வேலையை 30 மீட்டரோடு நிறுத்தாமல் நிலத்தின் எல்லை வரை கொண்டுபோவது. வெட்டின மரங்களின் தூரைத் தோண்டக்கூடாது, வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும்.

இப்படிப் பொறுக்கி எடுப்பதென்றால் எனக்குக் கட்டாது என்று மர வியாபாரி போய்விட்டார். எதிர்பார்த்ததுதான். அவருக்குத் தேவை பருத்த நேரான மரம், தீக்கு ஆபத்தானது மெலிந்த நெருக்கமான மரம். மரத்தைக் கூலியாக எடுத்துக்கொண்டு இலவசமாக வெட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஆகவே கூலி கொடுத்துத்தான் ஆள் வைக்க வேண்டியிருந்தது, சொந்த நிலத்து மரமே ஆனாலும் வெட்டுவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்து அனுமதியும் வாங்கினார்கள்.

வெட்ட வேண்டிய மரங்களில் குறி போடும் வேலையைப் பெரியவரிடமே விட்டோம். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வனக் காவலரோடு மரம் மரமாகப் போனார். ஒவ்வொன்றிலும் நின்று ஏன் என்று கேட்டார், சிலவற்றில் வாதாடி ஜெயித்தார்: பொந்தில் பறவை இருந்த ஒரு காய்ந்த மரம், வீட்டிலிருந்து தள்ளியே நின்றதால், தப்பியது. கடைசியில் 64இல் 23 மரங்களுக்குக் குறி விழுந்தது, அதில் மூன்று நாங்கள் கேட்காமலே அவராகப் போட்டவை.

வேலை நடந்த விதம்

மழைக்காலம் முடிந்து தரை இறுகியதும் வெட்டு ஆரம்பமானது. வெட்டு சீக்கிரம் முடிந்துவிட்டது, ஆனால் அதில் வந்த கிளையும் தழையும் மலையாகக் குவிந்தது. அதை ஏற்றிப் போக வேண்டிய வண்டி பாதையில் திரும்ப இடமில்லாமல் நின்றது. பாதையை அகலப்படுத்தி, ஒரு வண்டி திரும்பும் அளவுக்கு இடம் வெட்டி, மறுபடி வண்டியை வரவைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அந்த வாரங்களில் குவியல்கள் நிற்கும் மரங்களுக்கு அடியிலேயே காய்ந்துகொண்டிருந்தன. வேலை தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிட ஆபத்து அப்போதுதான் அதிகம். யூகலிப்டஸ் தழையில் எண்ணெய் இருக்கிறது, காய்ந்த குவியல் ஒன்று பற்றினால் பக்கத்தில் நிற்கும் மரத்தின் உச்சி வரை போகும்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை இதனால் பின்னால் போனது. இரும்பு வலை அடித்தது கடைசியில்தான்.

தீ வந்த நாள்

அந்தக் கோடையிலேயே தீ வந்தது. ஓடைக்கு அப்பால் முற்பகலில் புகை கிளம்பியது. புகை ஓடையின் மறுகரையில் தெரிந்தாலே கிளம்பிவிட வேண்டும், சாமான் எடுக்க நிற்கக்கூடாது, கேஸை மூடிவிட்டு ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் போக வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தது. பெரியவர் வாளியோடு நிற்கிறேன் என்றாராம், அவர் மனைவி கேட்கவில்லை. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இறந்த 173 பேரில் பெரும்பாலோர் இறந்தது வீடுகளுக்குள்தான் என்பதை நாங்கள் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தோம், அவர் அதை மறக்கவில்லை. இருவரும் நடந்து மேல் சாலைக்குப் போய்விட்டார்கள்.

மதியத்தில் தீ ஓடையைத் தாண்டியது. தீயணைப்பு வண்டி புதிதாக அகலப்படுத்திய பாதையில் வீடு வரை வந்து, அதே இடத்தில் திரும்பி நின்று கீழ் விளிம்பில் தண்ணீர் அடித்தது. மாலையில் காற்று ஓய்ந்தது. இருட்டுவதற்குள் தீ அடங்கிவிட்டது.

மறுநாள் போய்ப் பார்த்தோம். கீழே பக்கத்து நிலத்தில் யூகலிப்டஸ் உச்சி வரை கருகி நின்றது. எல்லையைத் தாண்டி இந்த நிலத்துக்குள் வந்ததும் அடிமரங்களில் கரி ஏறியிருந்த உயரம் படிப்படியாக இறங்கி, முதல் சில மரங்களில் தலைக்கு மேல், நடுவில் இடுப்பளவு, தண்ணீர் அடித்த இடத்துக்கு வரும்போது முழங்காலுக்குக் கீழே. உச்சித்தீ தரைக்கு இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைக்காது. மூங்கில் வேலி கீழிருந்து முழுக்க எரிந்து ஏறி வந்து, வெட்டி எடுத்திருந்த மூன்று மீட்டர் இடைவெளியில் நின்றுபோயிருந்தது. கடைசி மூங்கில் கம்பம் தரை மட்டம் வரை கரி, அடுத்து இருந்த இரும்புக் கம்பியில் வெறும் புகைக்கறை.

முற்றத்திலும் ஜல்லியிலும் கருகிய பட்டைத் துண்டுகள் நிறையக் கிடந்தன, சில உள்ளங்கை நீளம். கூரை மூலையில் ஆறு ஏழு துண்டுகள், வெறும் ஓட்டின் மேல் விழுந்து தானாக அணைந்தவை. விட்டுவைத்த அகன்ற இலை மரத்தின் ஒரு பக்க இலை மட்டும் வாடியிருந்தது. வீட்டு வாசலில்தான் அதிர்ச்சி: நார்க் கால்மிதியில் ஒரு கை அகலத்துக்கு ஓட்டை, அதற்கு நேராகக் கதவின் அடிப்பலகை கருத்திருந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் கால்மிதியைக் காலால் தள்ளிவிட்டதால் அதோடு நின்றது. ஒன்றரை மீட்டருக்குள் எரியும் பொருள் எதுவும் கூடாது என்று பேசியபோது தினமும் மிதிக்கும் அந்தச் சாமான் யார் கண்ணிலும் படவில்லை.

மரத்தை வெட்டியதால்தான் வீடு தப்பியது என்று சொல்ல நான் தயாரில்லை. தண்ணீர் வந்தது, காற்றும் நின்றது. ஆனால் தண்ணீர் வர முடிந்தது பாதை இருந்ததால், கூரையில் விழுந்த கங்கு அணைந்தது சருகு இல்லாததால். முந்தைய வருடத்துச் சருகு மெத்தை அங்கே இருந்திருந்தால் அந்த ஆறு ஏழு துண்டுகளில் ஒன்றே போதும்.

பிறகு

மழை வந்ததும் யூகலிப்டஸ் தூர்களிலிருந்து துளிர் கிளம்பியது, ஒரு தூரில் பத்துப் பன்னிரண்டு. அப்படியே விட்டால் இரண்டே வருடத்தில் பழைய ஏணி திரும்ப வந்துவிடும். இடைவெளிகளில் புல்லும் ஏறியது. சரிவின் மண் பெரிதாக அரிக்கவில்லை, தூர்களை விட்டதால் பலன் இருந்தது, ஆனால் வேலி எரிந்த தடத்தில் மட்டும் ஒரு சிறு ஓடை வெட்டிக்கொண்டு போனது. அதில் கற்களை அடுக்கியிருக்கிறார்கள்.

இப்போது கோடைக்கு முன் புல் அறுப்பதும் துளிரைக் கழிப்பதும் மகன் பொறுப்பு. கூரையை ஓர் ஆள் வைத்துக் கூட்டுகிறார்கள். அப்பா, மகன் இருவருக்கும் அகன்ற இலை மரத்தைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதேபோல் இன்னொரு வீடு வந்தால் வரிசையைத் தலைகீழாக்குவோம். கூரை, வலை, விறகு, வேலி இவையெல்லாம் முதல் வாரமே முடிந்துவிட வேண்டும். செலவும் குறைவு, அனுமதியும் தேவையில்லை, சண்டையும் வராது. மரம் அதற்கு அப்புறம்.

வெட்டின தழை எந்த வண்டியில், எந்த வழியாக, எங்கே போகிறது என்பது உறுதியாகாமல் ஒரு மரத்திலும் மெஷினை வைக்கக்கூடாது. பாதையை அகலப்படுத்துவது தழைக்கும் தீயணைப்பு வண்டிக்கும் சேர்த்தே தேவை என்பதால் அதுதான் வெளி வேலைகளில் முதலாவது.

தூர்த் துளிருக்கு முதல் வருடமே ஆள், தேதி இரண்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை வெட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கும் குடும்பத்துக்கு, மரத்தைக் குறைவாக வெட்டச் சொல்வேன், பராமரிக்க முடிகிற அளவுக்கு மட்டும்.

பக்கத்து நிலத்துக்காரரிடம் நாங்கள் பேசவே இல்லை, தீ வந்ததோ அவர் நிலத்தின் வழியாக. தீக்குப் பிறகு பேசியதில் எல்லையை ஒட்டி ஒரு நீளத் துண்டில் மட்டும் புதரை எடுக்கச் சம்மதித்திருக்கிறார், மரத்தைத் தொட மாட்டேன் என்கிறார். இப்போதைக்கு அந்தத் துண்டுதான் கிடைத்தது. வேலை இந்தக் கோடைக்குள் முடிய வேண்டும்.